இருக்கை எண் இருபத்து மூன்று

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு. பள்ளிக்கூடமே இதைச் சொல்லியிருக்கிறது, வாசல் சுவரில், நீல நிறத்தில், ஆளுயர எழுத்தில். தங்கள் பிள்ளைக்கு ஏன் இடம் இல்லை என்று கேட்க வரும் பெற்றோர்கள் அந்தச் சுவரின் நிழலில்தான் காத்திருப்பார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் அந்தச் சுவரைத் தினம் இரண்டு தடவை பார்ப்பான். காலையில் மகளைக் கொண்டுவந்து விடும்போது ஒரு தடவை, மாலையில் கூட்டிப் போகும்போது ஒரு தடவை. மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் சுண்டு. வகுப்பில் அவளுக்குக் 'குழாய்' என்று பட்டம். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. குழாய் நல்ல பொருள்தானே என்பது அவள் கட்சி.

குழாயைக் கண்டால் நின்றுவிடுவாள். காதை வைத்துக் கேட்பாள். சுவருக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போவாள். மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த தாளை அவள் அம்மா ஒரு தடவை படித்தாள், நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள், நேராக மகளிடம் போனாள். "தண்ணி எங்கிருந்து வருதுன்னு உனக்கு ஒரு நாள் காட்டுறேன்" என்றாள்.

காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது செவ்வாய்க்கிழமை வந்துவிடுவதாக மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை முழுக்க சுண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்திருந்தாள். எத்தனை செவ்வாய்க்கிழமை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அதிலிருந்து இரண்டு வருஷமாக அவன் மகளிடம் கிழமை எதுவும் சொல்வதில்லை. கிளம்புகிற நிமிஷம் வந்த பிறகுதான் கிளம்புகிறோம் என்றே சொல்வான். "செருப்பு மாட்டிக்க" என்பான். அவ்வளவுதான் அறிவிப்பு.

பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா. முந்தின வருஷம் சாக்லேட் தொழிற்சாலைக்குப் போனார்கள். 'குழந்தையின் நலன் கருதி' சுண்டுவைக் கூட்டிப் போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் மிருகக்காட்சி சாலை. அப்போது மிருகங்களின் நலன் கருதப்பட்டது.

இந்த வருஷம் ஒரு மாறுதல். கல்வித் துறை புதிதாக ஒரு கேடயம் அறிவித்திருந்தது. அரவணைப்புக் கேடயம். சிறப்புக் குழந்தை ஒன்றையாவது சுற்றுலாவில் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் புகைப்படத்துடன் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடம் கணக்கெடுத்தது. கையிருப்பில் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது.

சுற்றுலா எங்கே என்பதைத் துறையே முடிவு செய்திருந்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். வகுப்பு டீச்சர் அதை வாசித்ததும் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் "ஐயே" என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

மெக்கானிக் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனான்.

"புதன்கிழமைன்னு போட்டிருக்கீங்க மேடம். மாறாதுல்ல?"

"அச்சடிச்சே குடுத்துட்டோமே."

"மாறாதுன்னாதான் அவகிட்ட சொல்ல முடியும். சொல்லிட்டு இல்லைன்னா..."

"தாராளமா சொல்லுங்க. குழந்தைங்க சிரிப்புதான் எங்களுக்குக் கேடயம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது தவிர இன்னொரு கேடயமும் இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மகளிடம் ஒரு கிழமையைச் சொன்னான். சுண்டு ஸ்கேலை எடுத்து நாட்காட்டியில் அந்தப் புதன்கிழமையைச் சுற்றி நாலு கோடு போட்டாள். பையைத் தயார் செய்தாள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், துண்டு, காதுக் கவசம். கவசம் அவனுடையது. லிஃப்டின் மோட்டார் அறையில் இரைச்சலுக்குப் போட்டுக்கொள்வது, ஆரஞ்சு நிறம். பட்டையை இறுக்கி அவள் தலை அளவுக்கு ஆக்கிக் கொடுத்திருந்தான். சுற்றுலாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பை அன்றைக்கே வாசலுக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடமும் சும்மா இருக்கவில்லை. 'அனைவரும் நம்மவர்' என்று ஒரு குழு அமைத்தது. ஏழு பேர். அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். இந்த விஷயத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை வாங்கி வந்தவர். இரண்டாம் நாள் மதியம் ஜுரம் என்று வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஆனாலும் வில்லை முழு வில்லை.

குழுவின் முதல் கூட்டத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். சுண்டுவைக் கூப்பிடவில்லை. கூட்ட அறையின் மின்விசிறிச் சத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒருங்கிணைப்பாளர் கண்டுபிடித்திருந்தார்.

"விசிறியை நிறுத்திடலாமே சார்" என்றான் மெக்கானிக்.

ஏழு பேரும் விசிறியை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பதினான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆறாம் பக்கத்தில், 'குழந்தை எதிர்பாராத விதமாக நடந்துகொள்வதுண்டா? உண்டெனில் எந்தெந்த நேரங்களில் என்று குறிப்பிடவும்' என்றிருந்தது. மெக்கானிக் அந்தக் கேள்வியை மூன்று தடவை படித்தான். படித்தவன்தான், பொறியியல் பட்டயம் வாங்கியவன். பதில் தெரியவில்லை. கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனான்.

ஒருங்கிணைப்பாளர் மருத்துவச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மூணு வருஷத்துக்கு முந்தினது சார். இப்பவும் இருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது சார்?"

"அதான் சார். அது." வில்லையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இருக்கு சார். காலைல கூட இருந்துச்சு."

தலைமை ஆசிரியை கவலையோடு குறுக்கிட்டார். "என் பிரச்சினை வேற. அவளைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே. எல்லாக் குழந்தை மாதிரிதான் இருக்கா. போட்டோல எப்படித் தெரியும்?"

"பேர் அட்டை மாட்டிடலாம் மேடம். கொஞ்சம் பெருசா."

"நல்லது. ஆனா அவ மனசு நோகக் கூடாது. அட்டைல ஒரு பூ வரைஞ்சிருங்க."

பிறகு பாதுகாப்பு. பேருந்தில் அவள் கத்தினால் யார் பொறுப்பு, கத்தாவிட்டால் யார் பொறுப்பு என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். தலைமை ஆசிரியை மெக்கானிக் பக்கம் திரும்பி, மரியாதைக்காக, "உங்க தொழில்லயும் பாதுகாப்பு இருக்குமே, நீங்க எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான் அவன் செய்த தப்பு.

"புது லிஃப்ட் மாட்டினா முதல்ல மணல் மூட்டையை ஏத்தி ஓட்டிப் பார்ப்போம் மேடம். அது நல்லபடியா மேல போய்க் கீழ வந்தாத்தான் ஆளை ஏத்துவோம்."

ஒருங்கிணைப்பாளர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"மூட்டை" என்றார். "நாம ஏன் இதை யோசிக்கல?"

"எதை சார்?"

"ஒத்திகை! குழந்தையை ஏத்துறதுக்கு முன்னாடி குழந்தைக்குப் பதிலா ஒருத்தரை ஏத்தி ஓட்டிப் பார்க்கணும். குழந்தையை நல்லாத் தெரிஞ்சவரா இருக்கணும்." ஏழு பேரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை ஒத்திகை. மெக்கானிக் மோட்டார் அறை வேலை ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தான். அவன் கழுத்தில் 'குழந்தை' என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். அட்டையில் பூ இருந்தது. உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், சுண்டுவின் பெயர் எழுதிய இளஞ்சிவப்புக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். பேருந்தில் இருபத்து மூன்றாம் இருக்கையில் உட்காரவைத்தார்கள். முழங்கால் முன் இருக்கையில் இடித்தது.

டிரைவர் கண்ணாடியில் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், இந்த வயசுல சேர்த்திருக்காங்க?"

"பொண்ணுக்குப் பதிலா வந்திருக்கேன்."

"பொண்ணு எங்க?"

"வீட்ல."

"அவளையே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"ஒத்திகைக்கு அனுமதி இல்லையாம்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

மூன்று டீச்சர்களுக்கு மூன்று பொறுப்பு. ஒருவர் கை பிடிப்பவர். ஒருவர் பை பிடிப்பவர். ஒருவர் கவனிப்பவர். ஒருங்கிணைப்பாளர் நிறுத்துக் கடிகாரத்தோடு படிக்கட்டில் நின்றார். பேருந்து நாலு தெருவைச் சுற்றியது.

"இப்போ ஹாரன் அடிப்போம். நீங்க பயப்படணும் சார்."

ஹாரன் அடித்தது. மெக்கானிக் கட்டடங்களின் எட்டாவது மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன். பயம் வரவில்லை.

"பரவாயில்லை. இப்போ அழுங்க. கொஞ்சம் சத்தமா. முறைப்படி எப்படிச் சமாதானம் பண்றதுன்னு இவங்க செஞ்சு பார்க்கணும்."

மெக்கானிக் முயற்சி செய்தான். முகத்தைச் சுருக்கினான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கை பிடிப்பவர் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். பை பிடிப்பவர் பையைப் பிடித்தபடி காத்திருந்தார். கவனிப்பவர் கவனித்தார்.

கை பிடிப்பவராக இருந்தது வகுப்பு டீச்சர். நல்ல மனசு. குனிந்து மெதுவாகச் சொன்னார். "சார், ஏதாவது சோகமான விஷயம் நடந்திருந்தா, அதை நினைச்சுக்கங்க."

நினைத்துக்கொண்டான். அதற்காகத் தனியாக நினைக்க வேண்டியிருக்கவில்லை. எப்போதும் நினைப்பதுதான். ஆனாலும் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷமாக அங்கே ஒன்றும் வருவதில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பார்க்கிறீங்க?"

"ரோடு."

ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இளஞ்சிவப்புக் கோப்பு திறந்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் நின்றுகொண்டே வாசித்தார்.

"ஒத்திகை அறிக்கை. குழந்தை சமாதான முயற்சிகளுக்கு ஒத்துழைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில். யார் கண்ணையும் பார்க்கவில்லை. உணர்ச்சியை வெளிப்படுத்தத் தெரியவில்லை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை எழுபத்தொரு கிலோ. அவசர நேரத்தில் மூன்று டீச்சர்கள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பரிந்துரை, சுற்றுலாவுக்குத் தகுதியில்லை."

மெக்கானிக் கோப்பை எட்டிப் பார்த்தான். "அது நான் மேடம்" என்றான்.

"தெரியுமே" என்றார் தலைமை ஆசிரியை. "நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா? ஆனா கோப்புல அவ பேர்தானே இருக்கு. கோப்புல ஒண்ணு ஏறிடுச்சுன்னா அதைக் குழுதான் மாத்தணும்."

"குழுவைக் கூப்பிடுங்க."

"புதன்கிழமை குழு ஊர்ல இல்லை. சுற்றுலாவுக்குப் போகுது."

"எழுபத்தொரு கிலோன்னு வாசிக்கிறாரு. அவ இருபத்தாறு கிலோ. அவகிட்ட கிழமை சொல்லிட்டேன் மேடம். உங்களைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

தலைமை ஆசிரியை எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். ஆண்டு விழாவில் பேசுகிற குரலில் பேசினார்.

"நீங்க எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது. இந்தப் பள்ளிக்கூடம் எந்தக் குழந்தையையும் விட்டுட்டுப் போனதில்லை. நாளைக்கும் போகாது. உங்க பொண்ணை நாங்க கூட்டிட்டுத்தான் போறோம். அவ வராமலே கூட்டிட்டுப் போறோம். எந்தப் பள்ளிக்கூடம் இவ்வளவு செய்யும் சொல்லுங்க? அவளோட ஆளுயரப் படம், நல்ல தரமான துணியில, பொட்டிக்கடைல இல்ல, நகரத்துலயே பெரிய அச்சகத்துல அடிச்சிருக்கோம். அது அவ இருக்கைல போகும். பெல்ட்டும் போடுவோம். உருவகப் பங்கேற்புன்னு இதுக்குப் பேரு. அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எங்களுக்கும் இல்லை. அரவணைப்புன்னா வேற என்ன சார்? அவ இங்கேயே அரவணைப்பு அறைல உட்கார்ந்து, நாங்க வந்ததும் போட்டோவைப் பார்க்கலாம்."

அரவணைப்பு அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உடைந்த பூகோள உருண்டைகளும் விளையாட்டுத் திடல் பாய்களும் அதுவரை அங்கே அரவணைக்கப்பட்டு வந்தன.

அன்று வீட்டுக்குப் போனபோது சுண்டு நாட்காட்டியின் முன்னால் நின்றிருந்தாள். பதினேழு நாளுக்குப் பெருக்கல் குறி போட்டாகிவிட்டது. "இன்னும் ஒண்ணுதான்" என்றாள். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பிஸ்கட் பழசாகிவிட்டிருக்கும் என்று புதுப் பாக்கெட் வாங்கி வந்து பையில் வைத்தான்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வரிசை நின்றது. சுண்டு தன் எண்ணில் போய் நின்றாள். கையில் நிகழ்ச்சி நிரல் தாள் இருந்தது. எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பும் என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் பேருந்தின் ஜன்னலை எண்ணிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அப்பா, என் சீட்ல நான் இருக்கேன்."

இருந்தாள். துணியில், பெல்ட் போட்டு, பூப்போட்ட அட்டையோடு, சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லை. அச்சகத்தில் சரிசெய்திருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் விரைந்து வந்தார். "சார், குழந்தையை அரவணைப்பு அறைக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க நின்னா அவ மனசு கஷ்டப்படும்."

"சார்" என்றான் மெக்கானிக். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மூட்டை போய்ட்டு வந்தாச்சு. ஒண்ணும் அறுந்து விழல. அடுத்து ஆளை ஏத்தணும். நீங்க மறுபடியும் மூட்டையையே ஏத்தியிருக்கீங்க."

"கொஞ்சம் ஒத்துழைங்க சார்."

அந்த வார்த்தையில்தான் ஏதோ அறுந்தது. அவனுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. "ஒத்துழைக்கிறதா? பதினாலு பக்கம் எழுதினேன். கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டேன். அழச் சொன்னீங்க, அதுக்கும் வாயைத் திறந்தேன். இன்னும் என்னய்யா ஒத்துழைக்கணும்? நாப்பது பேர் வரமாட்டேன்னு அழுதுக்கிட்டு ஏறுறாங்க. வரேன்னு நிக்கிறவ ஒருத்தி. அவளை மாடிப்படிக்கு அடியில போட்டுட்டு, அவ படம் போட்ட துணியை எடுத்துட்டுப் போறீங்க! வெட்கமா இல்ல உங்களுக்கு?"

வாசல் முழுக்கக் கேட்டது. வரிசை திரும்பிப் பார்த்தது. ஒருங்கிணைப்பாளர் திடுக்கிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இது! இதைத்தான் சார் சனிக்கிழமை கேட்டோம்!" நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினார். "டீச்சர், வாங்க வாங்க, இடத்துக்கு வாங்க!"

மூன்று டீச்சர்களும் ஓடி வந்தார்கள். கை பிடிப்பவர் அவன் கையைப் பிடித்தார். பை பிடிப்பவர் அவன் கருவிப் பையை வாங்கிக்கொண்டார். கவனிப்பவர் கவனித்தார். "மூச்சை இழுங்க. நாலு எண்ணுங்க. விடுங்க" என்றார்கள். ஒரு பஞ்சுப் பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து அமுக்கச் சொன்னார்கள். "நீ பத்திரமா இருக்கே கண்ணா" என்று ஒருவர் மனப்பாடம் செய்திருந்ததை அப்படியே சொன்னார். வகுப்பு டீச்சர் மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "அடங்கிட்டார் பாருங்க. முறை வேலை செய்யுது மேடம்!"

அவன் அடங்கியது முறையால் இல்லை. அவர்கள் தோளுக்கு மேலாக அவன் மகளைப் பார்த்துவிட்டான். சுண்டு வரிசையில் தனியாக நின்றிருந்தாள். தாளை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கியிருந்தாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. "எட்டு ஆச்சு, எட்டு ஆச்சு, எட்டு ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கை பிடிப்பவர், பை பிடிப்பவர், கவனிப்பவர் மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தானே பையைத் திறந்தாள். தானே காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவன் பஞ்சுப் பந்தை ஒருங்கிணைப்பாளரின் கையில் வைத்துவிட்டு மகளிடம் போனான். கவசத்தின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கினான்.

"செருப்பு மாட்டியிருக்கியா?"

"ஷூ" என்றாள்.

"போவோம்."

"எப்போ?"

"இப்போ."

பைக்கை உதைத்தபோது டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "மெயின் ரோட்டுல நெரிசல் சார், கால்வாய் ரோட்டுல போங்க. மேடம் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. நானும் மெதுவாத்தான் வருவேன்."

சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் காவலாளி பட்டியலை விரலால் தடவினார். "பள்ளிக்கூடமா? எண் இருபத்து மூணு... இருக்கே. வந்துட்டான்னு டிக்கே போட்டு அனுப்பியிருக்காங்க." அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. போம்மா உள்ள. நீங்க யாரு சார்?"

"கூட வந்தவன்."

பம்பு அறையில் ஆபரேட்டர் ஒரு பெண். கை முழுக்க எண்ணெய். எந்தப் பயிற்சியும் பெறாதவர், வில்லை எதுவும் இல்லாதவர். சுண்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய குழாயைப் பார்த்தாள். "காது வைக்கலாமா?"

"வையேன். அந்தப் பக்கம் சுடும், இந்தப் பக்கம் வை."

சுண்டு கவசத்தைக் கழற்றினாள். குழாயில் காதை வைத்தாள். கண்ணை மூடினாள். ஆபரேட்டர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்தார். சுண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"எங்க வீட்டுக் குழாய் இதுல எது?"

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. "தெரு பேரு சொல்லு" என்றார். சுவரில் ஊரின் குழாய் வரைபடம் இருந்தது. சுண்டு சொன்னாள். ஆபரேட்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுண்டு ஏறி நின்று, இங்கிருந்து அங்கே வரை, நீலக் கோட்டின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு தொட்டி, இரண்டு வால்வு, ஒரு பாலம். விரல் அவர்கள் தெருவில் போய் நின்றது.

"இப்போ இங்க போற தண்ணி எப்போ வரும்?"

"ஏழு மணி நேரம் ஆகும். இப்போ பத்து. அஞ்சு மணி வாக்குல."

"அஞ்சா?"

ஆபரேட்டர் யோசித்தார். வார்த்தை கொடுக்கிறோம் என்பது அவருக்கு எப்படியோ புரிந்திருந்தது. "அஞ்சு" என்றார்.

பத்தே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் வந்து இறங்கியது. நாற்பது பிள்ளைகளும் பசிக்கிறது, கால் வலிக்கிறது, எப்போது வீட்டுக்குப் போவோம் என்றார்கள். தொட்டிக்கு முன்னால் அணிவகுக்க வைத்தார்கள். நடுவில் ஒருங்கிணைப்பாளரும் ஒரு டீச்சரும் துணியை விரித்துப் பிடித்தார்கள்.

"டீச்சர், குழாய் இங்கதான் நிக்கிறா!" என்று ஒரு பிள்ளை கத்தியது. "ஏய் குழாய், எப்படி வந்தே?"

"கால்வாய் ரோட்டுல" என்றாள் சுண்டு. வந்து தன் இடத்தில் நின்றாள். இருபத்து இரண்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில்.

அங்கேதான் துணி இருந்தது. புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். தலைமை ஆசிரியை கையைப் பிசைந்தார். ஒருங்கிணைப்பாளர் குனிந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, அவள் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, கனிவாகச் சொன்னார்.

"கண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. உன் படம் மறையுது."

சுண்டு தள்ளி நின்றாள். அவளுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். மறுபடி கத்தினால் நிறுத்துக் கடிகாரம் வெளியே வரும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். வாழ்க்கையில் பார்த்த முகங்களில் எதை மறந்தாலும் ஒருங்கிணைப்பாளரின் அந்தக் கனிவான முகத்தை மறப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டான்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு சுண்டு சமையலறைக் குழாயடியில் போய் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குத் திறந்தாள். தண்ணீர் வந்தது.

"வந்துடுச்சு" என்றாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆமா" என்றான். நாட்காட்டியில் அந்தக் கட்டத்துக்குள் அவள் பெருக்கல் குறி போடவில்லை. ஒரு குழாய் வரைந்தாள்.

மாதம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கேடயம் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். துணியைப் பத்திரமாகச் சுருட்டி அரவணைப்பு அறையில் வைத்தார்கள்.

அதே வாரம் மெக்கானிக் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. சம்பந்தப்பட்ட புதன்கிழமையன்று, எண் இருபத்து மூன்று மாணவி, தனக்கென ஒதுக்கப்பட்ட அரவணைப்பு அறைக்கு முன்னறிவிப்பின்றி வரத் தவறிவிட்டாள். மாணவியின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எடை எழுபத்தொரு கிலோ. வராததற்கான காரணத்தைக் கீழே உள்ள கட்டத்துக்குள் தெளிவாக எழுதி, பெற்றோர் கையொப்பத்துடன் திருப்பி அனுப்பவும்.

அவன் பேனாவை எடுத்தான். எடையை அடித்து, மேலே இருபத்தாறு என்று எழுதினான். பிறகு கட்டத்துக்குள் எழுதினான்.

'சுற்றுலாவுக்குப் போயிருந்தாள்.'